இறப்புக்குப் பிறகு மனநல ஆலோசனை: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒருவர் இறந்துபோனால் பதினாறாம் நாள் வரை கூட்டம் குறையாது. பால் தெளிப்பது, படையல், காரியம் என்று அடுத்தடுத்து வேலை இருக்கும். சொல்லித்தரப் பெரியவர்கள் இருப்பார்கள். பந்தலைப் பிரித்து, வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறிப் போன பிறகுதான் பலருக்குத் துக்கம் முழு எடையோடு இறங்குகிறது. அந்த நேரத்தில் ஆலோசனைக்குப் போகலாமா, எங்கே போவது, அங்கே என்ன செய்வார்கள் என்று இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் இப்போதே வந்துகொண்டிருந்தால் மற்றதைப் பிறகு படிக்கலாம். 14416-ஐ அழையுங்கள். அது அரசின் டெலிமானஸ் சேவை. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. எதையாவது குடித்துவிட்டாலோ விழுங்கிவிட்டாலோ உடனே 108.

அழுவது இயற்கைதானே, அதற்கு எதற்கு ஆலோசனை?

இயற்கைதான். பெரும்பாலானவர்கள் ஆலோசனை இல்லாமலே, சொந்தபந்தத்தின் துணையோடும் அன்றாட வேலைகளைப் பிடித்துக்கொண்டும் எழுந்துவிடுகிறார்கள். துக்கம் நடந்த எல்லோருக்கும் ஆலோசனை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரிய பலன் தெரியவில்லை. தாங்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தவர்களுக்குக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. அம்மா இறந்து ஒரு மாதம் ஆகியும் அழுகை நிற்கவில்லை என்பதற்காக யாரும் நோயாளி ஆகிவிட மாட்டார்கள். சோறு இறங்காதது, நடுராத்திரி விழிப்பு, வண்டிச் சாவியை எங்கே வைத்தோம் என்ற மறதி, இறந்தவர்மீதே பொங்கும் கோபம், நெடுநாள் படுக்கையில் கிடந்து இறந்தவர் என்றால் ‘அப்பாடா’ என்று ஒரு நிம்மதி, அப்படி நினைத்ததற்காக வரும் வெட்கம் எல்லாமே முதல் சில மாதங்களில் வரக்கூடியவை.

ஆலோசனைக்குப் போனால் இறந்தவரை மறக்கச் சொல்வார்கள் என்று பயந்து பலர் வருவதில்லை. அப்படி எந்த நல்ல ஆலோசகரும் சொல்ல மாட்டார். அவரை நினைத்தாலே உடைந்துபோகிற நிலையிலிருந்து, அவரை நினைத்தபடியே சமைக்கவும் வேலைக்குப் போகவும் சிரிக்கவும் முடிகிற நிலைக்கு வருவதற்கான உதவி அது.

துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டாமே? நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன்?

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த வரிசையை 1969-ல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் முன்வைத்தார். அவர் பேசிப் பார்த்தது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம். இழந்து நிற்பவர்கள் அதே வரிசையில் போவதில்லை. காலையில் அழுது, பத்து மணிக்கு ரேஷன் கடை வரிசையில் நின்று, மாலையில் பேரன் பேச்சுக்குச் சிரித்து, இரவில் மறுபடி அழுவதுதான் சாதாரணமாக நடப்பது. இப்படி மாறி மாறிப் போவதே ஆரோக்கியம் என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்நேரமும் அழுகையிலேயே இருப்பதும், ஒரு நிமிடம்கூட அந்தப் பக்கம் போகாமல் வேலையிலேயே ஒளிந்துகொள்வதும்தான் கவலைப்பட வேண்டியவை.

அப்படியானால் எப்போது போக வேண்டும்?

சில விஷயங்களுக்கு நாள் பார்க்கக் கூடாது. ‘நானும் அவரோடயே போயிடறேன்’ என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். துக்கத்தில் எல்லோரும் சொல்வதுதானே என்று விட்டுவிடாதீர்கள். ‘சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?’ என்று நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வழியையும் யோசித்து வைத்திருந்தால் தனியே விடக் கூடாது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து, எலிமருந்து, வீட்டில் மிஞ்சிய மாத்திரைகள் எல்லாம் அன்றே வேறு வீட்டுக்குப் போக வேண்டும்.

தொடர்ந்து பல நாள் சாப்பிடாமலும் தூங்காமலும் இருப்பது, தினமும் குடிப்பது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போவது, சாவைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வந்து உலுக்குவது ஆகியவற்றுக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

மற்றவர்களுக்கு ஓர் அளவு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலின் 11-ஆம் பதிப்பு 2022-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் நீடித்த துயரக் கோளாறு தனியாகச் சேர்க்கப்பட்டது. இறப்பு நடந்து குறைந்தது 6 மாதம் ஆன பிறகும், ஏக்கமோ இறந்தவரைப் பற்றிய நினைப்போ நாள் முழுதும் பிடித்து வைத்து, வேலையையும் குடும்பத்தையும் நடத்த முடியாமல் செய்தால், அதுவும் அவர்கள் சமூகத்தின் வழக்கத்தை மீறிய அளவில் இருந்தால், அந்தப் பெயர் பொருந்தும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. இந்தக் கணக்கு நோயின் பெயரை எழுதுவதற்குத்தான். மூன்றாம் மாதத்திலேயே தாங்க முடியவில்லை என்றால் மூன்றாம் மாதத்திலேயே போகலாம்.

உடம்பையும் விட்டுவிடாதீர்கள். துணையை இழந்த முதல் நாட்களில் மாரடைப்பு ஆபத்து கூடுகிறது. வயதானவர்கள் அந்தக் கூட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை மறந்துவிடுவதும் வழக்கம். காரியம் முடியும்வரை மாத்திரை கொடுப்பதை மட்டும் ஒரு பேத்தியின் பொறுப்பாக விட்டுவிடுங்கள். நெஞ்சுவலி என்றால் ‘துக்கத்துல அப்படித்தான் இருக்கும்’ என்று உட்கார வைக்காதீர்கள்.

எங்கே போவது?

கடலூரில் மஞ்சக்குப்பத்திலுள்ள அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வட்ட மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் போகும். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் இருப்பவர்கள் தங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் ‘மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார்’ என்று கேட்டு வைத்துக்கொண்டால் பயணம் மிச்சம். சிதம்பரம், பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பகுதிக்கு அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்.

புதுச்சேரியில் ஜிப்மர் மனநலத் துறையும், கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியும் உண்டு. கடலூரிலிருந்து ஜிப்மருக்கு வருபவர்கள் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கி கோரிமேடு வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். திண்டிவனம் பஸ்களும் அந்த வழிதான். ஓ.பி. சீட்டு காலையில்தான் போடுவார்கள்; பத்து மணிக்கு மேல் போய் ஏமாந்து திரும்புபவர்கள் அதிகம். ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். முதல் நாள் பாதி நாள் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போக முடியாதவர்களுக்கு 14416 போதுமான தொடக்கம். அங்கே முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார், பக்கத்து மருத்துவமனைக்கும் வழி சொல்வார். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு 14567, பிள்ளைகளுக்கு 1098.

அப்பா இறந்ததே ஜிப்மரில். அந்த வாசலை மறுபடி மிதிக்க முடியவில்லை.

கடலூர் மாவட்டத்தில் பலருக்கு இது நேர்கிறது. கடைசி நாட்களை அங்கே கழித்தவர்களுக்கு அந்த வராந்தாவின் வாசனையே போதும். பிடிவாதமாகப் போக வேண்டியதில்லை. கதிர்காமத்திலோ மஞ்சக்குப்பத்திலோ தொடங்குங்கள். அந்த மருத்துவமனைப் பக்கமே போக முடியவில்லை என்பதை ஆலோசகரிடம் முதல் நாளே சொல்லுங்கள். பின்னால் அதுவே சிகிச்சையின் ஒரு பகுதியாக வரும்.

மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சிலர்: யாரிடம் போவது?

மருந்து எழுத முடிந்தவர் மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். படித்திருப்பார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியில் சிகிச்சை தருபவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணைக் கேட்டால் தயங்காமல் காட்டுவார். கவுன்சிலர் என்ற பலகையை மாட்ட இங்கே தனி உரிமம் எதுவும் இதுவரை கட்டாயமாக இல்லை. உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை முடித்து, மேற்பார்வையில் பயிற்சி பெற்ற மிக நல்ல கவுன்சிலர்களும் இருக்கிறார்கள். வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டுப் பலகை வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், இறப்புத் துயரில் இருப்பவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, ஓர் அமர்வுக்கு எவ்வளவு கட்டணம். இவற்றைக் கேட்டதும் முகம் மாறுபவரிடம் போக வேண்டாம்.

தூக்கம், சாப்பாடு, தற்கொலை எண்ணம் என்று உடம்பும் உயிரும் சம்பந்தப்பட்டிருந்தால் முதலில் மருத்துவர். மற்றபடி யாரிடம் தொடங்கினாலும் சரி.

விதி, கர்மா, பாவம் என்று உபதேசம் செய்பவர், ‘என் வீட்டுச் சாவைப் பாருங்கள்’ என்று தன் கதையைச் சொல்லிக்கொண்டே போபவர், முதல் நாளே 20 அமர்வுக்கு முன்பணம் கேட்பவர் ஆகியோரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

முதல் நாள் என்ன நடக்கும்?

45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். கூட்டம் மிகுந்த அரசு மருத்துவமனையில் மருத்துவர் கொஞ்ச நேரமே பார்ப்பார். விரிவாகப் பேச உளவியலாளரிடமோ சமூகப்பணியாளரிடமோ அனுப்புவார். யார் இறந்தார், எப்படி, எப்போது, கடைசியாக அவரோடு என்ன பேசினீர்கள், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குடிப்பழக்கம் உண்டா, முன்பும் இப்படி யாரையாவது இழந்திருக்கிறீர்களா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்பார். அழுதே ஆக வேண்டும் என்பதில்லை. அழாமல் உட்கார்ந்திருந்தால் கல்நெஞ்சம் என்று அவர் நினைக்க மாட்டார்.

நம் ஊரில் முதல் நாள் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். கூட வந்த அண்ணனோ மாமியாரோ உள்ளே வந்து எல்லாப் பதிலையும் தானே சொல்லிவிடுகிறார். கூட வருபவர் வேண்டும், ஆனால் வெளியே பெஞ்சில் இருக்கட்டும். கடைசிப் பத்து நிமிடம் அழைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு? வெறும் பேச்சில் என்ன ஆகிவிடும்?

பேச்சுக்கு ஒரு முறை இருக்கிறது. நீடித்த துயரத்துக்கென்றே உருவாக்கி, ஆய்வுகளில் பலன் காட்டிய சிகிச்சை வாரம் ஒன்றாகச் சுமார் 16 அமர்வு கொண்டது. எல்லோருக்கும் அவ்வளவு தேவைப்படாது. பலருக்கு ஆறிலிருந்து பத்துக்குள் முடிந்துவிடும்.

அதில் நடக்கும் முக்கிய வேலை, இறப்புச் செய்தி வந்த அந்த நேரத்தை நிதானமாக, ஆரம்பம் முதல் கடைசி வரை சொல்வது. ‘போன் வந்தது, நான் அடுப்படியில் இருந்தேன்’ என்று தொடங்கிச் சொல்லும்போது நடுவில் ஓரிடத்தில் பேச்சு நின்றுவிடும். அந்த இடத்தில்தான் ‘அன்னைக்கு நான் அவரைப் போக விட்டிருக்கக் கூடாது’ என்பது போன்ற குற்ற உணர்வு ஒட்டியிருக்கும். ஒரு முறை சொன்னால் ரணம். பல முறை, பாதுகாப்பான அறையில் சொல்லும்போது அந்த நினைவு நாம் கூப்பிடாமல் வந்து பாய்வது குறைகிறது.

இரண்டாவது வேலை, தவிர்த்து வருவதை நோக்கிப் படிப்படியாகப் போவது. மகன் கடலூர்–புதுச்சேரி சாலையில் விபத்தில் இறந்தார், அதனால் அம்மா இரண்டு ஆண்டாக அந்த வழியில் பஸ் ஏறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் அந்தச் சாலையின் பெயரைச் சொல்லிப் பேசுவார்கள். அடுத்து மகளோடு பஸ்ஸில் பகலில் கடந்து போவது, பிறகு தனியாக, பிறகு அந்த இடத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நிற்பது. பதற்றம் ஏறி, உச்சத்துக்குப் போய், தானாக இறங்கும்வரை இருக்க வேண்டும். உச்சத்தில் இருக்கும்போதே ஓடிவந்துவிட்டால் பயம் இன்னும் கெட்டிப்படும். அதனால்தான் இதை ஆலோசகரோடு திட்டமிட்டுச் செய்யச் சொல்கிறோம். ‘மனச தைரியமா வச்சுக்கோ’ என்று சொந்தக்காரர்கள் இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவது வேறு விஷயம், அது வேண்டாம்.

இறந்தவரிடம் சொல்லாமல் விட்டதைக் காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்வது, கடிதமாக எழுதுவது, பீரோவைத் திறந்து துணிகளைப் பிரிப்பது, அவர் செய்துவந்த வேலைகளை யார் எடுத்துக்கொள்வது என்று பேசுவது ஆகியவையும் வரும். பீரோ விஷயத்தில் அவசரம் கூடாது. எல்லாவற்றையும் பதினாறாம் நாளே யாரோ கொடுத்துவிட்டதால் வருந்துபவர்கள் நிறைய. ‘வைத்துக்கொள்வது’, ‘கொடுப்பது’, ‘பிறகு பார்க்கலாம்’ என்று மூன்று பை போதும்.

போய்ப் பேசிவிட்டு வந்தால் இன்னும் மோசமாக இருக்கிறதே?

முதல் மூன்று நான்கு அமர்வுகளுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் அழுகை கூடும், கனவு வரும். மூடி வைத்த புண்ணைக் கழுவினால் எரிவது போல. பலரும் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். அமர்வு இருக்கும் நாளில் மாலை வேலை எதுவும் வைக்காதீர்கள், திரும்பும்போது நீங்களே வண்டி ஓட்டாமல் இருந்தால் நல்லது. இரண்டு நாளுக்கு மேல் நீண்டாலோ சாகும் எண்ணம் வந்தாலோ அடுத்த தேதிவரை பொறுக்காமல் ஆலோசகரைக் கூப்பிடுங்கள்; வேகத்தைக் குறைப்பார்.

மாத்திரை கொடுத்துவிடுவார்களா?

துக்கத்துக்கு என்று மாத்திரை கிடையாது. துக்கத்தோடு மனச்சோர்வு நோயும் சேர்ந்திருந்தால் அதற்கு மருந்து உண்டு. வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்குள் பலன் இல்லை என்று விடக் கூடாது. சரியானதும் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

இதில் எங்களுக்கு மிகுந்த கவலை தருவது மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் தூக்க மாத்திரை. சாவு வீட்டில் யாரோ ஒருவர் ‘இதைப் போட்டுக்கிட்டுத் தூங்கு’ என்று அல்பிரசோலம் கொடுப்பார். தினமும் போட்டால் சில வாரங்களிலேயே அது இல்லாமல் தூக்கம் வராத நிலை வரும். வயதானவர்கள் இரவில் எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளவும் அது காரணமாகிறது. ஏற்கெனவே ஒரு மாதமாகச் சாப்பிட்டுவருகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இறந்த கணவரின் குரல் கேட்கிறது, வாசல் கேட் சத்தம் கேட்கிறது. பைத்தியமா?

இல்லை. துணையை இழந்தவர்களில் மிகப் பலருக்கு இது நடக்கிறது. பலருக்கு அது ஆறுதலாகவும் இருக்கிறது. காத்துக்கருப்பு என்று மந்திரிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அந்தக் குரல் ‘நீயும் வந்துவிடு’ என்று கட்டளையிட்டால் மட்டும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அண்ணி இறந்ததிலிருந்து அண்ணன் குடித்துக்கொண்டே இருக்கிறார்.

குடிப்பவர் என்று ஆலோசனையில் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆண்கள் அழ இடமில்லாத வீடுகளில் துக்கம் இப்படித்தான் வெளியே வருகிறது. ஒரு எச்சரிக்கை: காலையிலிருந்தே தினமும் குடித்துவருபவரை அறைக்குள் பூட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் வைத்து நிறுத்துவதே வழி. போதை தெளிந்த நேரத்தில், காலையில், மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. காரியம் செய்யலாமா?

கடற்கரைக் குப்பங்களில் மிகக் கடினமான கேள்வி இது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரை எத்தனையோ குடும்பங்கள் முகத்தைப் பார்க்காமலே ஆட்களை இழந்தன. உடல் இல்லாத இழப்பில் மனம் ஒரு முடிவுக்கு வர மறுக்கிறது. அது அந்த மனத்தின் பலவீனம் அல்ல, நிலைமையே அப்படி.

இந்த நிலையில் நல்ல ஆலோசகர் ‘அவர் இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று அழுத்த மாட்டார். ‘வரலாம், வராமலும் போகலாம்’ என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு வாழ்வதற்கு உதவுவார். திரும்பப் பெறக்கூடிய முடிவுகள், திரும்பப் பெற முடியாத முடிவுகள் என்று பிரிப்பது இதில் பெரிய உதவி. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், கடன் தவணை, படகின் பங்கு ஆகியவை காத்திருக்கக் கூடாதவை. தாலியைக் கழற்றுவது, படகை விற்பது ஆகியவற்றை மனைவி தயாராகும்வரை தள்ளலாம். மாமியார் ‘என் புள்ள உசுரோட இருக்கான்’ என்பார், மைத்துனர் காரியம் செய்ய வேண்டும் என்பார். இருவருக்கும் நடுவில் மனைவி நொறுங்குவார். இங்கே குடும்பமாக உட்காரும் அமர்வு தனி அமர்வைவிட நல்லது. இறந்ததாக அறிவிக்காமலே கரையில் ஒரு விளக்கேற்றி, பெயர் சொல்லி வேண்டிக்கொள்வதில் இரு பக்கமும் சேரலாம்.

சட்டப்படி, 7 ஆண்டு ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ள நீதிமன்றத்தை நாடலாம். அதற்குக் காணாமல்போன உடனேயே காவல்நிலையத்தில் புகார் பதிவாகி இருப்பது முக்கியம். மீன்வளத் துறையிலும் எழுதிக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

தற்கொலையில் இழந்தவர்களுக்கு ஆலோசனை வேறு மாதிரியா?

ஆம். பிரேதப் பரிசோதனை, காவல்துறை விசாரணை, திருமணமாகி 7 ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணை என்று அழக்கூட நேரம் கிடைக்காது. சடங்கும் அவசரமாக முடிந்துவிடும். ‘தீராத வயிற்றுவலி’ என்று ஊருக்குச் சொன்னதையே வீட்டுக்குள்ளும் சொல்லிக்கொள்வதால் உண்மையைப் பேச ஓர் இடம்கூட இல்லாமல் போகிறது. ஆலோசனை அறை அந்த இடம்.

‘ஏன்?’ என்ற கேள்விக்கு முழுப் பதில் கிடைக்காது. அதை ஆலோசகர் மறைக்க மாட்டார். கடைசியாகத் திட்டிய அந்த ஒரு வார்த்தைதான் கொன்றது என்று நம்புபவருக்கு, ஓர் உயிர் அந்த முடிவுக்குப் போவதற்குப் பின்னால் நோய், கடன், குடி, அவமானம் என்று பல காரணங்கள் சேர்ந்திருக்கும் என்பதைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டுவார். உடலை முதலில் பார்த்தவருக்குத் தனிக் கவனம் வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுகிறது, ஆகவே யாராவது ஒருவருக்காவது முதல் மாதத்திலேயே ஆலோசனை தொடங்கச் சொல்கிறோம்.

பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

‘இறந்துவிட்டார்’ என்றே சொல்லுங்கள். ‘தூங்குகிறார்’ என்றால் இரவில் தூங்கப் பயப்படும். ‘வெளியூர் போயிருக்கிறார்’ என்றால் காத்திருக்கும், பிறகு உங்களை நம்பாது. ஐந்து வயதுக்குக் கீழே, இறந்தவர் திரும்ப மாட்டார் என்பது பிடிபடாது. ஒரே கேள்வியைப் பல நாள் கேட்கும், ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஐந்திலிருந்து ஏழுக்குள் புரியத் தொடங்கும். ‘நான் சேட்டை பண்ணதாலயா அம்மா செத்தாங்க?’ என்று உள்ளுக்குள் நினைக்கும் வயதும் அதுதான். கேட்காவிட்டாலும் ‘உன்னால் இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். படுக்கையில் சிறுநீர், வயிற்றுவலி, பள்ளிக்குப் போக அடம் எல்லாம் துக்கத்தின் பேச்சு. பதின்ம வயதினர் ஒன்றும் ஆகாதது போல நண்பர்களோடு சுற்றுவார்கள். அதைப் பாசமின்மை என்று குத்திக்காட்டாதீர்கள்.

அப்பா இறந்த வீட்டின் பன்னிரண்டு வயதுப் பையனிடம் ‘இனி நீதான் வீட்டு ஆம்பள’ என்று சொல்லும் பெரியவர்கள் தயவுசெய்து அதை நிறுத்த வேண்டும். அவன் தன் அழுகையை அன்றோடு பூட்டிவிடுகிறான்.

குழந்தை இறந்தே பிறந்தது. ‘அடுத்தது பிறக்கும்’ என்கிறார்கள்.

அது ஒரு முழு இழப்பு. தாயிடம் காட்டாமல் அடக்கம் செய்துவிடுவதே இங்கே வழக்கம். பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டால் காட்டுங்கள். பிரசவமான இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கும், அதற்கு யாரும் அவரைத் தயார்ப்படுத்துவதில்லை. தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, குளிர்ந்த ஒத்தடம், வலிக்கு மருத்துவர் சொன்ன மாத்திரை. வலி குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிடலாம், முழுதும் எடுத்தால் மேலும் சுரக்கும். காய்ச்சலோடு மார்பு சிவந்தால் மருத்துவமனை. கணவரையும் ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள், அவரை யாருமே விசாரித்திருக்க மாட்டார்கள்.

கணவர் இறந்த பெண் வெளியே போகக் கூடாது என்கிறார்கள்.

தொலைபேசியில் தொடங்கலாம். பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கம் இத்தாவில், அதாவது கணவர் இறந்தபின் அனுசரிக்கும் 4 மாதம் 10 நாள் காலத்தில், இருக்கும் முஸ்லிம் பெண்கள் மருத்துவத் தேவைக்கு வெளியே போவதை இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள் பொதுவாக அனுமதிக்கிறார்கள். ஐயம் இருந்தால் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற வீடுகளில், வளையல் உடைப்பது, பொட்டழிப்பது போன்றவற்றை அந்தப் பெண் விரும்பாவிட்டால் செய்ய வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்த ஒரு காலை நேரத்தின் காயத்தைப் பற்றியே பல அமர்வுகள் பேச வேண்டி வருகிறது.

சடங்கெல்லாம் செய்துவிட்டோம். ஆலோசனையும் அதுவும் ஒத்துப்போகுமா?

நன்றாகவே. ஒப்பாரி வைத்து அழுவதும், ஆடி அமாவாசைக்குத் திருக்காஞ்சியில் சங்கராபரணிக் கரையிலோ தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ தர்ப்பணம் கொடுப்பதும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றுவதும் இறந்தவரோடு உறவைத் தொடர்வதற்கான வழிகள். ஆலோசகர் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவார். சடங்கைச் செய்ய முடியாமல் போனவர்கள், வெளிநாட்டிலிருந்து வர முடியாத மகன் போன்றவர்கள், அந்தக் குறையை அவசியம் சொல்ல வேண்டும்.

அலுவலக அலைச்சலே கொல்கிறது. இதற்கும் உதவுவார்களா?

மருத்துவமனைச் சமூகப்பணியாளரிடம் கேளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. தாமதமானால் கட்டணமும் அனுமதியும் சேரும். இறப்பு நடந்த ஊரில்தான் பதிவு. கடலூர்க்காரர் புதுச்சேரி மருத்துவமனையில் இறந்தால் சான்றிதழ் புதுச்சேரியில்தான் வாங்க வேண்டும், இது தெரியாமல் கடலூர் மாநகராட்சிக்கு நடப்பவர்கள் உண்டு. சான்றிதழில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வாரிசுச் சான்று, வங்கி, ஓய்வூதியம் என்று நகல்கள் நிறைய வேண்டும். இதை எல்லாம் துணையை இழந்தவர் தலையிலேயே கட்டாமல் ஒரு மருமகனோ பெண்ணோ கோப்பு போட்டு எடுத்துக்கொண்டால், ஆலோசனை பாதி வேலையை முடித்த மாதிரி.

நான் சொன்னது வெளியே போகுமா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உங்கள் உரிமையாக வைத்திருக்கிறது. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து இருந்தால் மட்டும் தேவையான அளவு சொல்வார்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் சட்டப்படி புகார் செய்தாக வேண்டும்.

அப்பா வரவே மாட்டேன் என்கிறார்.

‘உங்களுக்கு மனநல டாக்டர்’ என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். ‘தூக்கம் வரமாட்டேங்குதுல்லப்பா, அதுக்கு ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்’ என்பது பொய்யும் இல்லை, பெரும்பாலும் வேலை செய்யும். வழக்கமாகப் பார்க்கும் பிரஷர் டாக்டர் வாயால் சொல்ல வைப்பது இன்னும் நல்லது. அப்போதும் வரவில்லை என்றால் நீங்கள் போங்கள். அவரோடு எப்படிப் பேசுவது, எதற்குப் பயப்பட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தருவார்கள்.

எப்போது முடிக்கலாம்?

தூக்கம் திரும்பி, தவிர்த்த இடங்களுக்குப் போக முடிந்து, இறந்தவரைப் பற்றிய நல்ல நினைவும் வலியோடு சேர்ந்து வரத் தொடங்கியதும் இடைவெளியைக் கூட்டுங்கள்: வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று. தலைதிவசம், பிறந்தநாள், முதல் பொங்கல் ஆகியவற்றுக்கு ஒரு வாரம் முன்பே மனம் கலங்கத் தொடங்கும். அந்த நாளில் யார் வீட்டில் இருப்பார்கள், என்ன சமைப்பது, யாரைக் கூப்பிட வேண்டாம் என்று முன்கூட்டியே ஆலோசகரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அமர்வைத் தலைதிவசத்துக்கு முன்னால் வைக்காதீர்கள். அது முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத் தேதி வாங்குங்கள்.